மயிலைக் காளை எடுத்த ஜெனரேட்டர்

குளத்தங்கரையில் கால்நடைக் கண்காட்சி. பந்தல் போட்டாயிற்று. தோரணம் கட்டியாயிற்று. விடிந்து பார்த்தால் மழைக்காற்றில் மின்கம்பம் குளத்துக்குள் சாய்ந்து கிடக்கிறது!

"கரண்டு இல்லாம கண்காட்சியா? நான் மைக்கில் எப்படிப் பேசுறது?" என்று முழங்கியது தலைவர் மயிலைக் காளை. ஏழு ஊருக்குக் கேட்கிற குரல் அதற்கு. அந்தக் குரலுக்காகத்தான் அதைத் தலைவராக்கினார்கள். வேறு தகுதி எதையும் யாரும் விசாரிக்கவில்லை.

பந்தல் மூலையில் இருந்த சாம்பல் கோழிக்கு மைக்கைப் பற்றிய கவலை இல்லை. கீரி கடித்து அதன் கால் ஒடிந்திருந்தது. அடை படுக்க முடியாது. அதன் பதினொரு முட்டைகளும் ஒரு மரப்பெட்டிக்குள் பல்புச் சூட்டில்தான் இத்தனை நாளும் வளர்ந்தன. குஞ்சுகள் வெளியே வரவேண்டிய நாள் இன்றுதான். வாடைக்காற்று வேறு வீசியது. பல்பு எரியாவிட்டால் பதினொன்றும் உள்ளேயே விறைத்துப் போகும். கோழி வைக்கோலை இழுத்து இழுத்துப் பெட்டியைப் பொத்திக்கொண்டிருந்தது.

நல்லவேளை, கழுதை வண்டியோடு வந்து சேர்ந்தது. ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது அதன் தொழில். வண்டியில் இரண்டு இருந்தன. ஒன்று சிவப்பு, கன்றுக்குட்டி உயரம். இன்னொன்று கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி.

"எதெல்லாம் ஓடணுமுங்க?" என்று கேட்டது கழுதை.

"மைக்செட். ஆட்டுக்கு முடி வெட்டுற மெஷின். அப்புறம் அந்தக் கோழிக்கு ஏதோ பல்பாம்."

"பக்கத்துல யாரு யாரு இருப்பாங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கப்பா? எது ரொம்பச் சத்தம் போடும்? அதைச் சொல்லு!"

கழுதை காதை ஆட்டியது. "நீங்க சொன்னதுக்கு இந்தச் சின்னதே தாராளமுங்க. சத்தத்தை வெச்சு..."

"எனக்கே பாடமா! சத்தம் போடாதவன் எவனாவது பலசாலின்னு பேர் வாங்கியிருக்கானா? சிவப்பை இறக்கு! மேடைக்குப் பக்கத்துலயே வை, எல்லாரும் பார்க்கட்டும்!"

கயிற்றை இழுத்ததும் அது உறுமியது பாருங்கள்! பந்தல்கால் நடுங்கியது. குளத்துக் கொக்குகள் அத்தனையும் ஒரே வெள்ளையாய் மேலே எழும்பின. எருமை அசைபோட மறந்தது. ஆடுகள் வாயைப் பிளந்தபடி நின்றன. அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கரையில் யாரும் கேட்டதில்லை.

"ஆகா! இதல்லவா ஜெனரேட்டர்!" என்றது காளை. அதன் கண்ணே கலங்கிவிட்டது.

பெட்டியில் பல்பு எரிந்தது. கோழியும் கும்பிடு போட்டது.

கொஞ்ச நேரம்தான். கறவைப் போட்டிக்கு வந்த பசுவின் மடியில் பால் இறங்க மறுத்தது. பாதி முடி வெட்டிய ஆடு மிரண்டு ஓடிப்போய்ப் புதருக்குள் நின்றது. புகை பந்தலை நிறைத்தது. யாரும் தலைவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது.

கோழிக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. விடியலிலிருந்து முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அது பதில் சொல்லச் சொல்ல, அவை ஓட்டைக் கொத்திப் பார்த்தன. இப்போது பெட்டியில் காதை வைத்தால் உறுமல்தான் கேட்கிறது. கொத்தலும் நின்றுபோயிருந்தது.

கோழி ஒற்றைக் காலில் தத்தித் தத்தி மேடைக்கு ஓடியது.

"அண்ணா! நிறுத்துங்க! என் குரல் அதுகளுக்குக் கேட்கலை!"

"என்ன? சத்தமாச் சொல்லு!"

"என் பிள்ளைங்க, அண்ணா!"

காளை தலையை ஆட்டியது. ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாரும் அமைதி!" என்று மைக்கில் முழங்கியது. யாரும் திரும்பவில்லை. அடிவயிற்றிலிருந்து இன்னொரு முறை முழங்கியது. அதன் குரல் அதற்கே கேட்கவில்லை! பிறந்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. கோழியின் அலகு திறந்து திறந்து மூடுவதைக் காளை அப்போதுதான் சரியாகப் பார்த்தது. அதற்குப் பயமாக இருந்தது.

கொம்பை அசைத்துக் கழுதைக்கு ஜாடை காட்டியது. சிவப்பு ஜெனரேட்டர் நின்றது.

பல்பும் அணைந்தது.

"ஐயோ, சூடு!" என்று அலறியது கோழி. ஒரு சிறகைப் பெட்டிமேல் விரித்தது.

"பயப்படாதீங்கக்கா!" என்றது கழுதை. அது சும்மா இருக்கவில்லை. சின்ன ஜெனரேட்டரைப் பந்தலுக்கு வெளியே, புகை உள்ளே வராத பக்கமாய் வைத்து, பெட்டிக்கும் மைக்செட்டுக்கும் நீள ஒயரும் இழுத்துத் தயாராக வைத்திருந்தது. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தது.

"ஓடலையே!" என்றது காளை.

"பெட்டியைப் பாருங்க."

பல்பு மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தது! காளை கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தது.

கோழி அலகைப் பெட்டியோடு ஒட்டி, "கொக்... கொக்..." என்றது. பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டது. காளை மைக்கை வாயால் கவ்வி எடுத்துவந்து மெதுவாக முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தது.

டொக்.

அவ்வளவுதான். மைக்செட் வழியாக அந்தச் சின்னச் சத்தம் குளத்தின் அக்கரைவரை போனது. பிறகு இன்னொரு டொக். பிறகு, "கீச்!"

எருமை முன்னங்காலை மடித்து மண்டியிட்டது. ஓடிப்போன ஆடு பாதி முடியோடு திரும்பி வந்தது. கொக்குகள் ஒவ்வொன்றாய்க் கரையில் இறங்கி, அசையாமல் நின்று கேட்டன. ஓடு விரிசல் விடுவது கேட்டது. ஈரக் குஞ்சு ஒன்று உருண்டு வெளியே வந்தது. பத்து வந்தபின் பதினொன்றாவது வெகுநேரம் வரவில்லை. கோழி விடாமல் கூப்பிட்டது. கடைசியில் அதுவும் வந்தது! ஒரு குஞ்சுக்காக ஒரு கண்காட்சியே அழுதது.

"தலைவர் இப்போது பேசுவார்," என்றது ஆடு.

காளை தலையை அசைத்தது. "வேண்டாம். இவங்க பேசுறதைக் கேளுங்க," என்று கிசுகிசுத்தது. அதற்குக் கிசுகிசுக்கத் தெரியும் என்பதே அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று பார்க்காமல், அதை நம்பி இருப்பவர்களுக்கு அது என்ன செய்யும் என்றே பார்க்கவேண்டும்.