இரண்டாம் தடவை எடுத்த சீட்டு

மலையடிவாரத்து ஜெப ஆசிரமத்தில் குரு ஒரு பெண். பெயர் கிருபாவதி அம்மாள். சீடர்களில் மூத்தவரான தேவநேசன் அவரைவிடப் பத்து வயது பெரியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இனி எல்லாவற்றையும் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று வந்து சேர்ந்தவர். பொறுப்பைக் கர்த்தர் தலையில் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவருடைய தம்பி சுகிர்தராஜுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. குடும்பத்தில் தேவநேசனுடையது மட்டும்தான் பொருந்தியது. அப்பா இறந்த அன்று, அடக்கத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைக் கைநீட்டி அடித்த தம்பி அவன். கொடுப்பாரா மாட்டாரா என்று இன்று மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலை ஜெபம் முடிந்ததும் தேவநேசன் அம்மாள் முன் வந்து நின்றார். முகம் தெளிந்திருந்தது.

"திருவுளச்சீட்டு போட்டேம்மா. 'கொடு'ன்னு ஒண்ணு, 'வேண்டாம்'னு ஒண்ணு எழுதி, வேதப் புஸ்தகத்துக்குள்ள வச்சு ஜெபம் பண்ணிட்டு, கண்ணை மூடிக்கிட்டு எடுத்தேன். 'வேண்டாம்'னு வந்துட்டு. கர்த்தர் சித்தம்."

"எத்தனை தடவை எடுத்தீங்க அண்ணாச்சி?"

தேவநேசன் தரையைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை. முதல்ல 'கொடு'ன்னு வந்துச்சு. ஜெபத்துல மனசு நிக்கலியோன்னு திரும்பவும் எடுத்தேன்."

"ரெண்டாவது தடவை மனசு நின்னுச்சா?"

பாவம், அவரைச் சொல்லியும் குற்றமில்லை. உடம்பைக் கீறி எடுத்துக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமா? அதுவும் அடித்த கைக்கு.

அம்மாள் தன் போனை எடுத்து நீட்டினார்.

"தம்பிக்குப் போடுங்க. கொடுக்கலேன்னு சொல்லிருங்க."

"கர்த்தர் வேண்டாம்னுட்டாருன்னு சொல்லட்டுமா?"

"அவரு எங்க சொன்னாரு? ரெண்டு தடவையும் எடுத்தது உங்க கை. போதும்னு நிறுத்துனதும் நீங்கதான்."

"அப்ப கொடுக்கணுங்கீங்களா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். கொடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உட்கார்ந்திருப்பேன். கொடுக்கலேன்னா, மத்தியானம் எப்பவும்போல ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவோம். கர்த்தரும் உங்களைத் தள்ளிற மாட்டாரு."

"நீங்களாவது ஒரு வழி சொல்லுங்கம்மா."

"சொன்னா, நாளைக்கு என் பேரைச் சொல்லித் தப்பிச்சுக்கிடுவீங்க."

தேவநேசன் போனை வாங்கினார். எண்ணை அழுத்த அவருக்கு வெகு நேரம் பிடித்தது. மணி அடித்தது. எடுத்தது தம்பியேதான்.

"அண்ணே."

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. அவன் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

தேவநேசனுக்கு ஒளிந்துகொள்ள ஒரு சீட்டும் இல்லை, குருவும் இல்லை. அப்போதுதான் அது நடந்தது. இத்தனை வருஷ ஜெபத்தில் ஒரு நாளும் அறியாத ஒன்று. யாரோ மிக அருகில் வந்து நிற்பதை அவர் அறிந்தார். மேலெல்லாம் புல்லரித்தது. முழங்கால் தானாக மடங்கியது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் கிசுகிசுத்தார்.

"அம்மா, கர்த்தர் இங்கதான் நிக்காரு. எனக்குத் தெரியுது. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காரே."

அம்மாளும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளிச்சம் உண்டாகட்டும்னு ஒரு வார்த்தை சொல்லி உலகத்தை உண்டாக்கினவரு, அண்ணாச்சி. இப்ப உங்க வார்த்தைக்குக் காத்துக்கிட்டு இருக்காரு."