ஊதக் கூடாது என்றார் பல் டாக்டர்

எங்கள் ஊர்ப் பேண்டு செட்டில் மூன்றே பேர். டிரம்பெட் ஊதுபவர் நாகலிங்கம். பெரிய டிரம் தவசியப்பன். தாளம் தட்டுபவர் கொண்டல்சாமி. மூவருக்கும் நல்ல மனசு. மற்றதைப் பற்றி நான் என்ன சொல்ல, நீங்களே பாருங்கள்.

வியாழக்கிழமை நாகலிங்கத்தின் மச்சினனுக்கு மாப்பிள்ளை அழைப்பு. திங்கட்கிழமை நாகலிங்கத்துக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் பூரியாக உப்பிவிட்டது. "என் தம்பி கல்யாணத்துல டிரம்பெட் இல்லேன்னா, நீங்க வீட்டுப் பக்கமே வராதீங்க" என்று சொல்லிவிட்டாள் மனைவி. நண்பர்கள் இருவரும் அவரைப் பல் டாக்டர் மெஹருன்னிசாவிடம் தூக்காத குறையாக அழைத்துப் போனார்கள்.

டாக்டர் வாயைப் பார்த்தார். "பக்கத்து ரூமுக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வரணும். இருங்க, கை கழுவிட்டு வர்றேன்."

அவர் கை கழுவிவிட்டு வந்தபோது தவசியப்பன் எக்ஸ்ரே மெஷினைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"எடுத்துட்டு வரச் சொன்னீங்களே. சுவத்துல முடுக்கியிருக்கும்மா. ஸ்பேனர் இருக்கா?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். எக்ஸ்ரே என்றால் படம் என்று விளக்கி, நாகலிங்கத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். "உலோகம் எதையும் கதிர் சுலபமா தாண்டாது. படத்துல வெள்ளையா விழுந்து பல்லை மறைச்சிடும். உலோகமா இருக்கிறதைக் கழட்டுங்க."

நாகலிங்கம் கடுக்கனைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். பேண்ட் ஜிப்பில் கை வைத்தார்.

"போதும், கழுத்துக்கு மேலே மட்டும்!" என்று அலறிய டாக்டர், கனமான ஓர் அங்கியை அவர் மேல் போர்த்தினார். "இது ஈயம். உடம்புல கதிர் படாம தடுக்கும்."

கொண்டல்சாமி தவசியப்பனைத் தனியே அழைத்தார். "ஈயமும் உலோகம்தானே? கழட்டச் சொல்லிட்டு இவங்களே மாட்டுறாங்களே?"

தவசியப்பன் யோசித்தார். "கழட்டினதுக்குப் பதிலாக் குடுக்கிறாங்க. நேர்மையான டாக்டர்."

டாக்டர் சின்ன பிலிம் ஒன்றை வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னார். "இப்போ யாரும் உள்ளே இருக்கக் கூடாது, வெளியே வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். வெளியே நின்று பட்டனை அழுத்திவிட்டுத் திரும்பினால், பிலிமைக் கடித்தபடி, ஈய அங்கியோடு, நாகலிங்கமும் பின்னால் நின்றார்.

பிலிமைக் கழுவினால் ஒன்றுமே இல்லை. ஒரே வெளுப்பு.

"சொத்தை எப்படித் தெரியும்மா?" என்றார் கொண்டல்சாமி.

"கறுப்பாத் தெரியும். பல்லு வெள்ளையாத் தெரியும்."

"அப்போ சொத்தையே இல்ல! வாய் முழுக்க ஒரே பல்லு!" மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை டாக்டர் நாகலிங்கத்தை நாற்காலியோடு கட்டாத குறை. இப்போது படம் ஒழுங்காக விழுந்தது. "இதோ, ஞானப்பல். பாதி சொத்தை. எடுத்துடணும்."

மூவர் முகமும் வாடிவிட்டது. மூலையில் கூடிப் பேசினார்கள்.

"நம்ம செட்டுல ஞானம் இருக்கிறதே இவன் ஒருத்தன்கிட்டதான். அதையும் புடுங்கிட்டா?" என்றார் கொண்டல்சாமி.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "அதை உபயோகிச்ச அடையாளமே இல்ல."

அந்த ஒரு வார்த்தையில் நிம்மதியாகி, அன்றைக்கே பல்லை எடுத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "ரெண்டு வாரத்துக்கு எதையும் ஊதக் கூடாது."

வியாழக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை சாரட்டில் ஏறினார். டிரம் அதிர்ந்தது, தாளம் ஒலித்தது. நாகலிங்கம் டிரம்பெட்டை வாயில் வைத்து, கன்னம் ஒட்ட, கண் பிதுங்க ஏதோ செய்தார். மூன்று தெரு தாண்டியும் அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏன் ஊதலை?"

"டாக்டர் ஊதக் கூடாதுன்னுட்டாங்க. அதான் உறிஞ்சுறேன்."

"சத்தம் எங்கே?"

தவசியப்பன் டிரம் அடிப்பதை நிறுத்திவிட்டு, பொறுமையாக விளக்கினார். "சத்தமெல்லாம் உள்ளே போய்க்கிட்டு இருக்குக்கா. ரெண்டு வாரம் கழிச்சு ஊதினா மொத்தமா வெளியே வந்துரும். அதுவரைக்கும் மாப்பிள்ளையைச் சாரட்டை விட்டு இறங்க வேணாம்னு சொல்லுங்க."