மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி

கதையை முழுசாகக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி வரும். அதற்குள் யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

தாமிரபரணிக் கரையில் ஒரு ஆஸ்பத்திரி. ஒரு டாக்டர் 'சுகர்' என்று எழுதுவார், இன்னொருவர் 'நீரிழிவு' என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரே பெயர் வைத்த பொது அகராதி ஒன்று அங்கே உண்டு. ஒருவருடைய கோளாறுக்கு அதில் முழுப்பெயர் இல்லாவிட்டால், சின்னச் சின்னப் பெயர்களைச் சேர்த்து உண்டாக்க வேண்டும். எது எதோடு சேரும் என்று தனித்தனிக் கட்டாகவும் கட்ட வேண்டும். இந்த வேலைக்கு மூன்று பெண்கள்: பழைய ஆளான இசக்கியம்மாள், அவளுக்குப் பக்கத்து இருக்கை சொர்ணம், புதிதாக வந்த ஜெபமலர்.

தலைமைப் பொறுப்பு காலியாக இருந்தது. அந்த நாற்காலி மின்விசிறிக்கு நேர் கீழே. தனக்குத்தான் என்று நம்பி, இசக்கி பழைய சேலையில் ஒரு மெத்தைகூடத் தைத்துக் கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் வடைக்கடை ஆவுடையம்மாள் வந்து சேர்ந்தாள். கொதிக்கிற எண்ணெய் வலது பாதத்தில் கொட்ட, துள்ளி விழுந்ததில் இடது பாத எலும்பு முறிந்துவிட்டது. முறிந்த காலுக்கு மறுநாள் அறுவை. ஜெபமலர் கண்மூடித் திறப்பதற்குள் எல்லாப் பெயரையும் சேர்த்துவிட்டாள்.

"என்ன வேகம்! ஒண்ணுகூட விட்டுப்போகல. சாயங்காலம் பொறுப்பு யாருக்குன்னு சொல்லிடுறேன்" என்றார் அந்தப் பிரிவைக் கவனிக்கிற டாக்டரம்மா.

இசக்கிக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷத்தில் தன்னை ஒரு நாளாவது 'என்ன வேகம்' என்று சொன்னதுண்டா? அந்தப் பெண்ணின் தலையில் இருந்த மல்லிகைகூட அவளுக்கு மூக்கைக் குத்தியது. குற்றம் தேடியே கம்ப்யூட்டர் திரையைத் திறந்தாள். கிடைத்தது! பாதம், எண்ணெய்ச் சூடு, முறிவு, வலது, இடது எல்லாம் ஒரே கட்டில் கிடந்தன. முறிந்தது எந்தக் கால் என்று யாருக்குத் தெரியும்?

மத்தியானம் இசக்கி அடுக்குச் சாப்பாட்டைப் பிரித்தாள். ரசம் ஒரு தட்டு, தயிர் ஒரு தட்டு, பொரியல் ஒரு தட்டு. 'எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டினா எவன் திங்கிறது?' என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

"அக்கா, நெத்திலி வறுவல் எடுத்துக்கோங்க" என்று ஜெபமலர் நீட்டினாள்.

இசக்கி எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்தப் பிழையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அறுவை நாளைக்குத்தானே? சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் ருசி.

சாயங்காலம் டாக்டரம்மா வந்ததும் இசக்கி எழுந்தாள். "நீங்க மெச்சின புள்ள சேர்த்த லட்சணத்தப் பாருங்க. நாளைக்கு முறியாத காலை அறுக்கப் போறாங்க!"

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். வலது பாதச் சூடு ஒரு கட்டு, இடது பாத முறிவு ஒரு கட்டு. "சரியாத்தானே இருக்கு? உங்களுக்கு ஏன் இசக்கி இந்தப் பொறாமை?"

இசக்கிக்கு முகம் செத்துப்போயிற்று. சொர்ணம் மெதுவாகச் சொன்னாள்: "தப்பாத்தான் இருந்துச்சு டாக்டர். நான் பாத்துட்டு, சாப்பிட்டு வந்ததும் பிரிச்சுக் கட்டிட்டேன். சின்னப் புள்ள மனசு நோகக்கூடாதுன்னு சொல்லல."

ஜெபமலர் அழவில்லை. "ஐயோ, வந்ததுல இருந்து எல்லாருக்கும் நான் இப்படித்தானே சேர்த்திருக்கேன்! இப்ப ஆபரேஷன் தியேட்டர்ல யாரு இருக்கா?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் செருப்பை விட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

தியேட்டரில் ஒரு தபால்காரர் மயக்கத்தில் கிடந்தார். வலப்பக்கச் சிறுநீரகத்தில் கல், இடப்பக்கம் குடலிறக்கம். அன்றைக்கு அறுவை குடலிறக்கத்துக்கு. எல்லாம் ஒரே கட்டில் கிடந்ததால் நர்ஸ் வலப்பக்கத்தைத் துடைத்துத் தயார் செய்துகொண்டிருந்தாள். "சிஸ்டர், அந்தப் பக்கம் இல்ல!" என்று ஜெபமலர் வாசலிலேயே கத்தினாள். தபால்காரர் தப்பினார்.

ஜெபமலர் ஓடாவிட்டால் அவர் தப்பியிருக்கமாட்டார். இசக்கி போட்டுடைக்காவிட்டால் ஜெபமலர் ஓடியிருக்கமாட்டாள். ஆவுடையம்மாளின் காலைச் சத்தமில்லாமல் காப்பாற்றியவளோ சொர்ணம். இப்போது சொல்லுங்கள்: மின்விசிறிக்குக் கீழே இருக்கிற நாற்காலி இந்த மூவரில் யாருக்கு?

விடை: ஜெபமலருக்கு. சொர்ணம் ஒரு காலைக் காப்பாற்றினாள். ஆனால் தப்புச் செய்த கைக்குத் தப்பைக் காட்டவில்லை, அது மறுநாளும் அப்படித்தான் கட்டியிருக்கும். பொறாமைக் கண்ணில் பட்டாலும் பிழை பிழைதான். ஆனால் இசக்கி அதைக் கூட்டம் கூடும் வரை பொத்தி வைத்தாள், அந்த நேரத்தில்தான் தபால்காரரை மாடிக்குக் கொண்டுபோனார்கள். தன் தப்பைக் கேட்டதும் 'இன்னும் யாருக்கு ஆபத்து?' என்று நினைத்தவள் ஒருத்திதான். டாக்டரம்மா சொல்வதற்கு முன்பே இசக்கிக்கும் அது புரிந்துவிட்டது. அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு புள்ள" என்றாள். மெத்தையை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.