முப்படியாளின் நடுப்பிள்ளை

ராணிப்பேட்டைப் பக்கம், சோடாக் கம்பெனிகளுக்குக் கரியமில வாயு அடைத்துக் கொடுக்கிற தொழிற்கூடம் ஒன்று இருந்தது. அங்கே குளுகுளுவென்று ஒரு கணக்கு அறை. அறையில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு நோட்டு. அந்த நோட்டில்தான் முப்படியாள் தன் மூன்று பிள்ளைகளோடு குடித்தனம் நடத்திவந்தாள்.

முப்படியாள் ஒரு சமன்பாடு. சமன்பாடு என்றதும் பயந்து எழுந்து ஓடாதீர்கள், நல்ல மனுஷிதான். வெப்பம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு என்று இரண்டே இரண்டு சேதி சொன்னால் போதும். ஒரு பிடி வாயு எவ்வளவு இடம் அடைக்கும் என்று கையோடு சொல்லிவிடுவாள். எந்த சிலிண்டரில் எவ்வளவு அடைப்பது என்பதெல்லாம் அவள் பேச்சைக் கேட்டுத்தான் நடந்தது.

ஆனால் அவளிடம் கேள்வி ஒன்று கேட்டால் விடை மூன்று வரும். மூன்றும் அவள் பெற்ற பிள்ளைகள். மூத்தவன் பெரியவன், கையையும் காலையும் பரப்பிக்கொண்டு நிறைய இடம் கேட்பான். அவன்தான் ஆவி. கடைக்குட்டி சின்னவன், ஒடுங்கி உட்கார்ந்து கொஞ்சூண்டு இடத்திலேயே முடித்துக்கொள்வான். அவன்தான் திரவம். இரண்டுக்கும் நடுவில் பிறந்தவன் நடுவன். அவன் என்ன என்று கேட்டால், அங்கேதான் வம்பு.

தினமும் காலையில் அஞ்சுகம் மேடம் வந்து கணக்குப் போடுவார். மூன்று கட்டத்தில் மூன்று விடையையும் எழுதுவார். எழுதி முடித்த மறு நிமிஷம், பென்சில் நடுக்கட்டத்துக்கு நகர்ந்து வந்து நடுவன் மேல் குறுக்கே ஒரு கோடு இழுக்கும்.

"ஏன் மாமா என்னை மட்டும் அடிக்கிறீங்க?" என்று ஒருநாள் நடுவன் கேட்டேவிட்டான்.

"உன்னை அமுக்கினா என்ன செய்வே, சொல்லு பார்ப்போம்" என்றது பென்சில்.

"உப்புவேன்."

"அமுக்கறதை விட்டா?"

"சுருங்குவேன்."

"கேட்டுக்கோ! உலகத்துல எந்தச் சரக்காவது அமுக்கினா உப்புமா? பலூன் உப்புமா, பஞ்சு மூட்டை உப்புமா? உன் அண்ணனும் தம்பியும் அமுக்கினா ஒழுங்கா அடங்கறாங்க. நீ ஒருத்தன் மட்டும் ஏறுக்கு மாறு. உன்னை மாதிரி ஒண்ணு எந்த ஜாடியிலயும் இல்லடா. இல்லாததை எதுக்கு வெச்சுக்கறது?"

நடுவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிறவிக் குணம், அவன் என்ன செய்வான் பாவம்.

இந்தப் பேச்சையெல்லாம் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர் நல்லியல்பார். அவரும் சமன்பாடுதான். ஒரே வரியில் முடிந்துபோகிற, சலவை மடிப்புக் கலையாத மனுஷர். அவருக்கு எப்போதும் ஒரே விடைதான். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்ச நஞ்சமல்ல.

"எனக்கு ஒரே பிள்ளை. முத்து மாதிரி" என்பார். "உனக்கு மூணு பிள்ளை முப்படியா, அதுல ஒண்ணு உதவாக்கரை. எல்லாம் உன் கொள்கைக் கோளாறு. என் கொள்கை சுத்தம். வாயுவில இருக்கிற துகளுக்கு உடம்பும் கிடையாது, ஒண்ணுக்கு ஒண்ணு ஒட்டுதலும் கிடையாது. அவனவன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போறான்."

முப்படியாள் விடுவாளா? "உடம்பும் இல்ல, பாசமும் இல்லன்னா அது என்ன குடும்பம் பெரியவரே? நான் எங்க போனாலும் ரெண்டு எழுத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டுத்தான் போறேன். ஒண்ணு உடம்புக்கு, ஒண்ணு பாசத்துக்கு. அதனாலதான் என் வீட்டுல ஆவியும் பொறக்குது, திரவமும் பொறக்குது. உங்க பிள்ளைக்கு ஆவியாத் திரியறதைத் தவிர வேற என்ன தெரியும்? போன வாரம் மேஜை ஓரத்து ஜாடிக்குள்ள இருந்த திரவத்துக்கு எவ்வளவு இடம்னு உங்களைக் கேட்டாங்களே, ஏழு மடங்கு கூடச் சொன்னது யாராம்?"

நல்லியல்பார் தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிக்கொண்டார். நியாயமாகச் சொன்னால் முப்படியாளும் சின்னவன் விஷயத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள்தான். பெற்றவள், பிள்ளையை அப்படியே உள்ளபடி அளந்து சொல்ல வருமா? ஆனால் ஏழு மடங்கெல்லாம் இல்லை.

இப்படி வாய்ச்சண்டையிலேயே காலம் போயிருக்கும். ஒரு கத்திரி வெயில் நாளில் தணிகைவேல் வந்து வாயைத் திறந்தான். அவன் நிரப்பும் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன்.

"மேடம், தினம் மூணு எழுதி ஒண்ணை அடிக்கறீங்களே, எதுக்கு இந்த வெட்டி வேலை? நாளைக்குப் புது நோட்டு போடறோம் இல்ல, அதுல ரெண்டே கட்டம் போட்டுடுவோம். நடுவுல வர்றதை எழுதவே வேணாம்."

அஞ்சுகம் மேடம் ஒரு நொடி யோசித்தார். "அதுவும் சரிதான் தணிகை. காகிதமாவது மிச்சம்" என்றார்.

நோட்டுக்குள் எல்லார் காதிலும் அது விழுந்தது. அடிபடுவது வேறு, எழுதப்படாமலேயே போவது வேறு. அடிபடுகிறவனுக்கு ஒரு நிமிஷமாவது ஒரு கட்டம் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட ஒரு எண் இருக்கிறது. நாளையிலிருந்து நடுவனுக்கு அதுவும் இல்லை.

முப்படியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியவனும் சின்னவனும் தத்தம் கட்டத்திலிருந்து அவனை எட்டிப் பார்த்தார்கள். நடுவன் அழவில்லை. மேஜை ஓரத்தில் இருந்த கண்ணாடி ஜாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். தடித்த கண்ணாடி, உள்ளே கரியமில வாயுவை நெருக்கி அடைத்து மூடியிருந்தார்கள். கீழ்ப்பாதியில் தண்ணீர் மாதிரித் தெளிவாகத் திரவம், மேல்பாதியில் கண்ணுக்குத் தெரியாத ஆவி.

"கரியமில அத்தை! உங்க வீட்டுல எனக்கு ஒரு மூலை கிடைக்குமா? ஒரு நாளைக்குப் போதும். நான் நெஜமா இருக்கேன்னு மேடம் பார்த்துட்டா நோட்டுல எழுதுவாங்க."

கரியமிலத்துக்கு அவன் மேல் பிரியம்தான். "உனக்கு இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலைடா கண்ணு. ஆனா பாரு, கீழ்வீட்டுல உன் தம்பி, மாடியில உன் அண்ணன். நடுவுல இருக்கறது ஒரு கோடு. கோட்டு மேல யாராவது குடியிருக்க முடியுமா?"

நடுவன் அந்தக் கோட்டையே பார்த்தபடி நின்றான். திரவமும் ஆவியும் சந்திக்கிற இடத்தில் மெல்லிசாக, பளபளவென்று அது தெரிந்தது.

பத்தரை மணி இருக்கும். படக்கென்று கரண்ட் போயிற்று.

ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பராமரிப்பு மின்தடைதான். சாயங்காலம் வரை வராது. ராணிப்பேட்டை வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? எப்போதடா கதவு திறக்கும் என்று வாசலிலேயே காத்துக்கிடந்ததுபோல் சூடு உள்ளே நுழைந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அஞ்சுகம் மேடம் ஒரு ஃபைலை எடுத்து விசிற ஆரம்பித்தார்.

"இருபத்திரண்டு!" என்றாள் ஜாடியில் ஒட்டிக்கொண்டிருந்த வெப்பமானி. அவளுக்கு இது புது அனுபவம். அந்த அறை எப்போதும் இருபது டிகிரி; வந்த நாளிலிருந்து அவள் இருபதைத் தாண்டியதே இல்லை. கணக்கும் இருபதுக்குத்தான் போட்டுப் போட்டுப் பழக்கம்.

மேடத்துக்கு வேறு வேலை ஓடவில்லை. கால்குலேட்டரில் பேட்டரி இருந்தது. "சரி, சூடு ஏறுற வரைக்கும் போட்டுப் பார்ப்போமே" என்று பென்சிலைக் கையில் எடுத்தார். முப்படியாளிடம் இருபத்திரண்டுக்குக் கேட்டார், இருபத்துநான்குக்குக் கேட்டார், இருபத்தாறுக்குக் கேட்டார். வரிசை வரிசையாக மூன்று கட்டங்கள் நிரம்பின.

"அம்மா!" என்று அலறினான் பெரியவன். "நான் இளைச்சுக்கிட்டே வர்றேன்!"

"எனக்கு உடம்பு பெருக்குதும்மா! இந்த இடம் பத்தலை" என்றான் சின்னவன்.

"பயப்படாதீங்கடா, வெயிலுக்கு அப்படித்தான் ஆகும்" என்றாள் முப்படியாள். ஆனால் அவளுக்கே கொஞ்சம் படபடப்பாகத்தான் இருந்தது.

நடுவன் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை நாளும் எட்ட எட்ட நின்ற அண்ணனும் தம்பியும் வரிசைக்கு வரிசை பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்கள். இருபத்தெட்டில் அண்ணன் மூச்சுக்காற்று கேட்டது. முப்பதில் தம்பியின் தோள் இடித்தது.

"முப்பது!" என்று கத்தினாள் வெப்பமானி. "முப்பதரை!"

"கரியமில அத்தை, உள்ள என்ன நடக்குது?" என்றான் நடுவன்.

"அதையேன் கேட்கறே! மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் வித்தியாசமே தெரியலைடா. அந்தக் கோடு... ஐயோ, கோடு அழியுதுடா!"

அஞ்சுகம் மேடம் விசிறுவதை நிறுத்திவிட்டு ஜாடியிடம் குனிந்தார். பளபளத்த கோடு மங்கி, இழையாகி, நடுங்கியது. ஜாடி முழுக்கப் பாலைக் கலந்தமாதிரி வெள்ளையாக ஒரு மூட்டம் பரவியது.

"முப்பத்தொண்ணு!"

கோடு இல்லை. மாடி இல்லை, கீழ்வீடு இல்லை. ஜாடி முழுக்க ஒரே வீடு.

"வாடா என் ராஜா, உள்ள வா!" என்று கூப்பிட்டாள் கரியமிலம். "இப்ப எங்க வேணும்னாலும் உட்காரு!"

நடுவன் ஓடினான். அண்ணன் ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டான், தம்பி மறுபக்கம். அதற்கப்புறம் எது யாருடைய கை என்று அவர்களுக்கே தெரியவில்லை. மூன்று கட்டத்திலும் மேடம் எழுதிய எண் ஒன்றே ஒன்று. புள்ளிக்குப் பின்னால்கூட மாற்றமில்லை.

பழக்க தோஷத்தில் பென்சில் நடுக்கட்டத்துக்குப் போயிற்று. குறுக்கே இழுக்க முனையை வைத்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"டேய், உன்னை அமுக்கினா என்ன செய்வே?" என்று சந்தேகமாகக் கேட்டது.

"தொட்டாலே குழைஞ்சுடுவேன் மாமா" என்றான் நடுவன். அவன் குரலா, அண்ணன் குரலா, தம்பி குரலா என்று பென்சிலுக்குப் பிடிபடவில்லை. மூவரும் ஒரே குரலில் சிரித்தார்கள்.

"முப்படியா, இதுல எவன் நடுவன்? எவனை அடிக்கறது?"

"பெத்தவ எனக்கே தெரியலை. முடிஞ்சா நீ கண்டுபிடிச்சு அடிச்சுக்கோ" என்றாள் முப்படியாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்ப் பக்கத்தைப் பார்த்துக் கூவினாள்: "பெரியவரே, கேட்டுக்கோங்க! இன்னைக்கு எனக்கும் ஒரே பிள்ளைதான்!"

நல்லியல்பார் தன் முத்துப் பிள்ளையை எடுத்து ஜாடியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றரை மடங்கு பெரிதாக இருந்தது. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னார், மனதாரத்தான் சொன்னார்.

தணிகைவேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "என்ன மேடம், ஜாடி வெளுத்துப்போச்சு?"

"தணிகை, வெளியில சிலிண்டரை எல்லாம் எங்க அடுக்கியிருக்கோம்?"

"வெயில்லதான் மேடம். வேற எங்க இடம்?"

"நாம ஏசியில உட்கார்ந்து இருபது டிகிரிக்கே கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம். சிலிண்டர் இருபதுலயா கிடக்குது?" மேடம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "முதல்ல எல்லாத்தையும் நிழலுக்கு மாத்து. புது நோட்டுல முப்பத்தொண்ணு வரைக்கும் வரிசை போடணும். மூணு கட்டமும் இருக்கட்டும். நடுவுல வர்றது எப்ப மத்த ரெண்டோட சேரப்போகுதுன்னு பார்த்தாத்தான், சிலிண்டருக்குள்ள அழுத்தம் எப்ப ஆபத்தா ஏறும்னு தெரியும்."

சாயங்காலம் கரண்ட் வந்தது. ஏசி உறுமியது. ஜாடிக்குள் மறுபடியும் மூட்டம் சூழ்ந்தது, மழை மாதிரித் துளி துளியாக இறங்கியது, கோடு பிறந்தது. அண்ணன் மாடிக்குப் போனான், தம்பி கீழே இறங்கினான். நடுவன் தன் கட்டத்துக்குத் திரும்பி வந்தான்.

மறுநாள் காலை, புது நோட்டின் முதல் வரிசை. இருபது டிகிரி. பென்சில் நடுக்கட்டத்துக்கு வந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, குறுக்கே கோடு இழுத்தது. நடுவன் அடிபட்டபடியே வாய்விட்டுச் சிரித்தான். கோட்டுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி ஜாடிப் பக்கம் குரல் கொடுத்தான்:

"வெப்பமானி அக்கா, மறுபடி முப்பத்தொண்ணுக்கு எப்ப ஏறுவீங்க?"