மிட்டாதார் வழி சொன்ன கதை

மிட்டாதார் குமாரவேலப்ப பூபதியின் பல்லக்கை நாலு பேர் தூக்கினார்கள். முன்னால் போகிற பெத்தணன் "கல்லு!", "பள்ளம்!" என்று குரல் கொடுப்பான். பல்லக்கு மறைப்பதால் வழி தெரியாமல் பின்னால் வருகிற செவந்தான் அதைக் கேட்டுத்தான் கால் வைப்பான்.

சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது அந்தச் சத்தத்தில் மிட்டாதாருக்குத் தூக்கம் கலைந்தது.

"இனி எவனாவது வாயைத் திறந்தா நாலு பேருக்கும் வேலை கிடையாது!"

செவந்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். இரண்டு முறை இடறினான். குறுகலான ஏரிக்கரை வந்ததும், இனி ஓர் அடி வைப்பதில்லை என்று நின்றேவிட்டான்.

"ஏன்டா நின்னே? சொல்லித் தொலை!"

"சாமி, முன்னால போறவன் சொல்லாம எனக்கு வழி தெரியாது. அவன் சொன்னா உங்க உத்தரவை மீறினதாயிடும். உசரத்துல இருக்கிற நீங்களே சொன்னா நடந்துடுவேன்."

ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவு. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. போட்ட உத்தரவை மாற்றவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. மிட்டாதார் தலையை வெளியே நீட்டி, "கல்லு! பள்ளம்! இடது பக்கம்டா!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

பந்தலிலிருந்து சம்பந்தி எட்டிப் பார்த்தார். "பல்லக்குக்குப் புது ஆள் போட்டிருக்காங்க போல. நல்ல குரல்!" என்றவர், கத்தியது யாரென்று தெரிந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

திரும்பும்போது மிட்டாதாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பல்லக்கில் ஏறி உட்கார்ந்து, பெத்தணனைப் பார்த்து, கத்து என்று கையால் சைகை காட்டினார்.