தொண்ணூற்றேழாவது வரி

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு இந்த மூன்று பேரும் கான்டீன் வரிசையில் நின்றிருக்க வேண்டும். தென்காசிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், கணினிப் பிரிவில் கடைசி வருஷம். குழுத் தலைவன் இசக்கிமுத்து. கூட்டாளிகள் செய்யதும் பிரகதியும்.

இசக்கிக்கு இது விளையாட்டில்லை. இணையதளம் செய்கிற பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டிருந்தான். இந்தத் தடவையும் போனால், மதுரைக் கம்பெனி ஒன்று தருவதாகச் சொன்ன வேலையும் போய்விடும்.

செய்ய வேண்டியது சின்னத் தளம்தான். பொத்தானை அமுக்கினால் கான்டீனில் இன்றைக்கு என்ன பலகாரம் என்று சொல்ல வேண்டும். ஆனால் போன வருஷம் ஒருத்தர் வேலை செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்த்ததில், பாடம் எடுக்கிற மங்கையர்க்கரசி மேடத்துக்குப் பயங்கர எரிச்சல்.

“யார் யார் கை வைக்கிறீங்களோ, அத்தனை பேரும் சமமா எழுதியிருக்கணும். ஒரு வரி வித்தியாசம் இருந்தாலும் ஒருத்தருக்கும் மார்க் கிடையாது” என்றார்.

கோபத்தில் சொன்னது. இசக்கி அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டான்.

கேரம் ஆடுகிற மாதிரி முறை வைத்து, ஆளுக்கு ஒரு வரியாக நிரல் எழுதினார்கள். செய்யது ஒரு நாள் கைதவறி இரண்டு வரி அடித்துவிட்டு, மறுநாள் பூராவும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிரகதி அக்காள் கல்யாணத்துக்குப் போன நாலு நாளும் அவளுடைய வரிகளை வெற்றாக விட்டுவிட்டு மற்ற இருவரும் முன்னேறினார்கள். அவள் வந்து நிரப்பினாள். மேலே கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அடுத்தவர் வேலையை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லையாம்.

எந்தச் சாமி புண்ணியமோ, தளம் ஓடியது.

ஆனால் இசக்கி எண்ணிப் பார்த்தான். மொத்தம் தொண்ணூற்றேழு வரி. அவனுடையது முப்பத்து மூன்று, மற்றவர்களுடையது ஆளுக்கு முப்பத்திரண்டு. முகம் செத்துப்போயிற்று.

“நானும் பிரகதியும் ஆளுக்கு ஒரு வரி சேத்துருவோமா?” என்றான் செய்யது.

“தேவையில்லாத வரி எழுதினா அது ஏமாத்துல்லா?” என்றாள் பிரகதி.

இசக்கி இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். அதே கணக்குதான்.

“கூட எழுதினது நாந்தான். நானே ஒண்ண எடுத்திருதேன்” என்றான் இசக்கி.

எடுப்பதை அரைகுறையாக எடுக்கக்கூடாது என்று, தான் எழுதியதிலேயே உசத்தியான வரியை எடுத்தான். பொத்தானை வேலை செய்யவைக்கிற வரி அது. செய்யதுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மேடம் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். இசக்கிக்கு வேர்த்துக் கொட்டியது. நேற்று ஓடியது என்று மட்டும் முனகினான்.

பையன் முகத்தைப் பார்க்க மேடத்துக்கே பாவமாக இருந்தது. உட்கார்ந்து தேடினார், விடுபட்ட வரியைத் தாமே அடித்துவிட்டு அமுக்கினார். உளுந்தவடை, தக்காளிச் சட்னி என்று திரையில் வந்தது. சிரித்தபடி மார்க் புத்தகத்தைத் திறந்து, இசக்கி பாஸ் என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

“மேடம், போட்டுராதீங்க” என்றான் இசக்கி. “இப்ப நீங்களும் கை வச்சிட்டீங்க. எங்களுக்கு முப்பத்திரண்டு, உங்களுக்கு ஒண்ணு. இப்படியே விட்டா நாலு பேருக்கும் மார்க் கிடையாது.”

அதற்குள் பிரகதி குழுப் பட்டியலில் நாலாவது பெயராக மங்கையர்க்கரசி என்று எழுதிவிட்டாள். செய்யது அவருக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“இன்னும் முப்பத்தோரு வரிதான் மேடம்” என்று இசக்கி ஆறுதல் சொன்னான். “நிதானமா எழுதுங்க. நாங்க யாரும் உதவி பண்ண மாட்டோம்.”