ரேஷன் கடைச் சாய்தளம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது. இருந்திருந்தால் கடைசியில் நான் கேட்கப்போகும் புதிரே தேவையில்லை. அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம்.

உப்புக்கிடங்குத் தெருவில் நகராட்சி பாதாள சாக்கடை போட வந்தது. குறுகலான தெரு. வீட்டு வாசலை ஒட்டித்தான் தோண்ட முடியும். வாசலில் என்ன இருக்கும்? பைக் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு இருக்கும். அது எல்லா வீட்டிலும் உண்டு. பக்கத்துத் தெருவில் காண்ட்ராக்டர் சரிவுகளை உடைத்துவிட்டுப் போனவர் போனவர்தான். இன்றும் அங்கே பைக்கை இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். அதனால் உப்புக்கிடங்குத் தெருக்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். திரும்பக் கட்ட மணலையும் சிமெண்டையும் வாசலில் இறக்கு, அப்புறம் உடை என்றார்கள். காண்ட்ராக்டர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வீடு இறக்கினார். தெருக்கோடியில் இருக்கும் சபூரா வீட்டிலும் இறக்கினார். அவள் வீட்டில் ஒரு பழைய மொபெட் உண்டு.

எல்லா வீட்டிலும் குழாய் பதித்தாகிவிட்டது. பெரிய சாலைக் குழாயோடு இணைக்க வேண்டிய இடம் மட்டும் பாக்கி. அந்த இடத்தில்தான் ரேஷன் கடைச் சாய்தளம் இருந்தது.

சக்கர நாற்காலி ஏறுவதற்காக நகராட்சி கட்டியது அது. கட்டிய வாரமே பையன்கள் பைக்கை அதில் ஏற்றிக் கடை வாசலில் நிறுத்தினார்கள். பைக்கைத் தடுக்கச் சாய்தளத்தின் வாயில் ஒரு இரும்புக் கம்பம் நட்டார்கள். பைக் நின்றது. கூடவே சக்கர நாற்காலியும் நின்றது. தெருவில் சக்கர நாற்காலியில் போகிறவள் தையல்காரி பொன்மலர் ஒருத்திதான். மாதாமாதம் கீழேயிருந்து கத்துவாள். கடைக்காரருக்கு மனசு இருந்தால் கைரேகை இயந்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வருவார்.

இணைப்பு வேலை தொடங்கிய காலையில் பொன்மலர் அந்தக் கம்பத்துக்கு முன்னால் போய் பிரேக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மணலும் சிமெண்டும் இறக்கிட்டு உடைங்க சார். நானே ஒதுங்கிக்கிறேன்" என்றாள்.

நகராட்சிப் பொறியாளர் இளமாறன் பொறுமையானவர்தான். "இது அரசாங்கத்துதும்மா. காண்ட்ராக்டர் வீட்டுக்காரங்களுக்குத்தான் இறக்குவார். இதைப் பிறகு நாங்களே கட்டித் தருவோம்."

"எப்போ?"

"பிறகு."

பொக்லைன் ஓட்டுநர் சிரித்துவிட்டார். இளமாறனுக்கு முகம் சுருங்கியது. "நீங்க இதுல ஒரு தடவைகூட ஏறினதில்லையாமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"ஏற முடியலைன்னு சண்டை போடவாவது இது இருக்கு சார். உடைச்சிட்டா அதுக்கும் வழியில்லை."

அதற்குள் சபூரா வந்துவிட்டாள். "மலரு, குழாயை இன்னும் இணைக்காததால நேத்து பெஞ்ச மழைக்கே கக்கூஸ்ல தண்ணி மேல வந்திருச்சு. என் பொண்ணுங்க ரெண்டும் காலையில எதுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குதுங்க. உனக்கு மணல் பெருசா?"

"பெருசுதான்க்கா. ஒரு நாள் பொறுங்க."

"அந்த ஒரு நாள்ல மழை வந்தா?"

வானம் கருத்துத்தான் கிடந்தது. பொன்மலரும் அதை அண்ணாந்து பார்த்தாள். ஆனால் நகரவில்லை.

சபூரா குனிந்து பிரேக்கை எடுத்துவிட்டு நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். பொன்மலர் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. "கோவிச்சுக்காதடி" என்று சபூரா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள். இளமாறன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, தோண்டச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

பொறியாளர் தெருவுக்காக வேலையை நிறுத்தாமல் நடத்தினார். பொன்மலர் வழிமறித்தாள். சபூரா தன் பெண்களுக்காக அவளை இழுத்துப் போட்டாள். யார் செய்தது சரி? சும்மா எல்லாரும் பாவம் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்.

விடை: பொன்மலர். பைக் சரிவுக்காக அந்தத் தெருவே கேட்டதைத்தான் அவளும் கேட்டாள். மற்றவர்கள் கேட்டபோது அது உஷார், இவள் கேட்டபோது இடைஞ்சல். சபூராவின் அவசரம் பொய்யில்லை. ஆனால் மொபெட்டுக்கு மணல் வாங்கிக்கொண்டவள், ஒரு மனுஷி கேட்ட மணலைச் சின்னதாக நினைத்தாள். இளமாறன் சொன்ன 'பிறகு' வரவே இல்லை. இணைப்பு முடிந்த மறுநாள், தன் வாசலில் மிஞ்சிய மணலையும் சிமெண்டையும் சபூரா சட்டி சட்டியாகச் சுமந்து வந்து ரேஷன் கடை முன்னால் கொட்டினாள். அதைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்களும் கொட்டினார்கள். அதனால் அவள் இழுத்தது சரியாகிவிடாது. அது அவளுக்கே தெரியும். ஆனால் புதுச் சாய்தளம் எழும்பியது அந்த மணலில்தான். கம்பத்தை மட்டும் பொன்மலர் திரும்ப நடவிடவில்லை. இப்போது பையன்கள் பைக்கோடு வந்தால், சாய்தளத்தின் வாயில் சபூரா நிற்கிறாள்.